ஆளில்லாக் குடியிருப்புக்கு நூற்றுக்கு நூறு

விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கூட்டுவது குற்றமாகும் என்று அந்தத் தெருவில் யாருக்கும் யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அதனால்தான் அவர்கள் மோசம் போனார்கள்.

கழிவுநீர்க் குழாய் பதிப்பதற்கான நிதியை எந்தப் பகுதிக்கு வழங்குவது என்று முடிவு செய்ய, நகரசபையும் வட்டார சபையும் சேர்ந்து ஒரு மதிப்பீட்டு அலுவலரை நியமித்திருந்தன. அவர் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வருவார் என்ற அறிவிப்பு திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. அறுபத்து மூன்று வீடுகள் கொண்ட அந்தத் தாழ்வான தெருவில் இடைப்பட்ட நாள்களில் குனிந்த முதுகு எதுவும் நிமிரவில்லை. சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வாசல்தோறும் பிளீச்சிங் பவுடரைக் கோடு பிடித்தாற்போலத் தூவினார்கள். தெருக்கோடியில் தேங்கி நின்ற சாக்கடைக் குட்டையை மறைக்க, தையற்காரி தன்னிடம் மீந்திருந்த துண்டுத் துணிகளையெல்லாம் ஒட்டுப்போட்டு ஒரு திரை தைத்துக் கட்டினாள். சலூன்காரர் தெருவின் ஆண்கள் அனைவருக்கும் கூலி வாங்காமல் முகம் வழித்தார்.

"வர்றவரு குழியப் பாக்க வர்றாரா, மூஞ்சியப் பாக்க வர்றாரான்னு யாரு கண்டா? ரெண்டும் சுத்தமா இருக்கட்டும்" என்றார்.

குழிகளைக் காலி செய்யும் பொறுப்பை லாரிக்காரர் ஏற்றுக்கொண்டார். வீடுவீடாகச் சென்று மலக்குழிகளை உறிஞ்சி எடுக்கும் லாரியை இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓட்டுபவர் அவர். வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்களே, அதைப் போல ஊரார் குழிகளையெல்லாம் இறைத்துவிட்டு, தம் வீட்டுக் குழி வழியும் வாசலில் வந்து செருப்பைக் கழற்றுபவர். நான்கு நாளைக்கு வண்டி வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டபோது அவர், "டீசல் உன்னுது, வண்டி என்னுது. யாராவது கேட்டா எனக்கு எதுவும் தெரியாது" என்றார். அந்த அனுமதியே போதுமானதாக இருந்தது. விடிந்தது முதல் பொழுது சாயும்வரை, அறுபத்து மூன்று குழிகளையும் அடிக்கல் தெரிய இறைத்து, சுத்திகரிப்பு நிலையத்தில் கொண்டு போய்க் கொட்டினார்.

மற்றவர்களுக்குக் குழாய் என்பது ஒரு வசதி. லாரிக்காரருக்கு அது பேரன்.

சென்ற மழைக்காலத்தில் குழி நீர் கிணற்று நீரோடு கலந்து, அவருடைய ஒன்பது மாதப் பேரன் பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்தான். ஏழாம் நாள் மருத்துவர் கையை விரித்தார். குழந்தைதான் அந்த விரித்த கையை மதிக்காமல் பிழைத்துக்கொண்டது. மருத்துவமனையிலிருந்து மருமகள் வீடு திரும்பவில்லை. ஊரின் மறுகோடியில், மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்து, கணவனையும் குழந்தையையும் அங்கே அழைத்துச் சென்றுவிட்டாள். போகும்போது மாமனாரிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"மாமா, உங்க மேலயும் அத்தை மேலயும் எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. குழாய் வந்து, இந்தக் குழிய மண்ணப் போட்டு மூடின அன்னிக்குப் புள்ளையத் தூக்கிட்டு நானே வர்றேன். அதுவரைக்கும் கூப்பிடாதீங்க."

அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் தப்பென்று சொல்ல அவரால் முடியவில்லை. அதுதான் அவருக்கு ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அலுவலர் வந்தார். சலூனிலிருந்து கொண்டுவந்து போட்ட சுழல் நாற்காலியில் அமர்ந்தார். ஐந்து வீடுகளின் குழி மூடிகளைத் திறக்கச் சொல்லி, உள்ளே ஒரு கோலை விட்டுப் பார்த்தார். கோல் உலர்ந்தே வெளியில் வந்தது. படிவத்தில் ஏதோ எழுதினார். லாரிக்காரரின் மனைவி கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க. மத்தவங்க உங்களப் பாத்துக் கத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பரீட்சையில் முதல் மாணவனாக வந்துவிட்டதைப் போலத் தெரு முழுவதும் பூரித்தது.

மூன்றாம் வாரம் நகரசபையின் அறிவிப்புப் பலகையில் முடிவு ஒட்டப்பட்டது. லாரிக்காரர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, நேரே உள்ளே சென்று எழுத்தரின் மேசைக்கு முன்னால் நின்றார். எழுத்தர் நல்லவர்; அதாவது, கேட்டதற்குப் பதில் சொல்பவர். கேட்காததைச் சொல்லும் துணிச்சலை அவரிடம் யாரும் எதிர்பார்த்ததில்லை.

"தேவைக்கு ஐம்பதுண்ணே. உங்க தெருவுக்கு ஒன்பது போட்டிருக்காரு. பராமரிப்புக்கு ஐம்பது. அதுல நாப்பத்தெட்டு. கூட்டினா ஐம்பத்தேழு. அறுபது வாங்கினாத்தான் நிதி."

"எங்களுக்குத் தேவை ஒன்பதா?"

"குழியெல்லாம் காலியா இருந்துச்சுன்னு எழுதியிருக்காரு."

"நான்தான் தம்பி இறைச்சேன்."

"ஏன் இறைச்சீங்க?"

"ஒரு மனுஷன் வர்றாருன்னு இறைச்சேன்."

எழுத்தர் படிவத்தை ஒரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "அதுக்கு இதுல கட்டம் இல்லண்ணே" என்றார்.

நிதி கிடைக்காத தெருக்கள், விரும்பினால், முழுச் செலவையும் தாங்களே வீடுவாரியாகப் பங்கிட்டுச் செலுத்திக் குழாய் பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவிப்பின் கடைசி வரி பெருந்தன்மையோடு கூறியது. ஒரு வீட்டின் பங்கு லாரிக்காரரின் இரண்டு ஆண்டுச் சம்பளம். மேட்டுத் தெருக்களில் இருபது ஆண்டுகளுக்கு முன்பே குழாய் பதித்தார்களே, அப்போது எந்த வீட்டிடமாவது பங்கு கேட்டார்களா என்று அவர் வினவினார். அந்தக் கோப்பு தம்மிடம் இல்லை என்று எழுத்தர் விடையளித்தார். பிறகு, இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். குரலைத் தாழ்த்தி, கேட்காததைச் சொன்னார்.

"மறுமதிப்பீடு ஒரு தடவ கேக்கலாம். நாப்பது நாளுக்குள்ள வருவாரு. தேதி சொல்ல மாட்டாரு. இந்தத் தடவ எதையும் தொடாதீங்க."

அன்று மாலை சலூனில் தெரு கூடியது. நாற்பது நாளைக்கு ஒருவரும் குழியை இறைக்கக் கூடாது, குட்டைக்குத் திரை கூடாது, பிளீச்சிங் பவுடர் கூடாது என்று முடிவாயிற்று. கண்ணியமாக வாழ்ந்தவர்கள், கண்ணியமற்றவர்களாகத் தோன்றுவதற்குக் கைதூக்கி வாக்களித்த கூட்டம் அது. "சுத்தமா இருக்கறதுக்குத்தான் செலவாகும்னு நெனச்சேன். நாறுறதுக்கும் கூட்டம் போட வேண்டியிருக்கே" என்றார் சலூன்காரர். சிரித்தவர்கள் சிலரே.

மழை பிடித்துக்கொண்டது. பத்தாம் நாள் குழிகள் நிறைந்தன. பதினைந்தாம் நாள் கழிவு மூடிகளின் விளிம்பு வழியே கசிந்து, தெருவின் நடுவில் ஒரு கருநிற ஓடையாக இறங்கியது. குழந்தைகள் செங்கல்மேல் செங்கலாகத் தாவிப் பள்ளிக்கூடம் சென்றார்கள். குடிதண்ணீரை எல்லாரும் கொதிக்க வைத்தார்கள். அப்படியும் இரண்டு வீடுகளில் காய்ச்சல் கண்டது. லாரிக்காரரின் மனைவி துடைப்பத்தை எடுத்துப் பரணில் போட்டுவிட்டார். கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது என்பது அவருக்குத் தெரியும்.

"பன்னிகூடத் தான் படுக்கற எடத்த விட்டுத் தள்ளிப் போய்த்தான் இருக்கும். நம்மள இப்படி ஆக்கிட்டாங்களேங்க" என்றார் ஒரு நாள்.

லாரிக்காரரின் லாரி தெருமுனையில் காலியாக நின்றது. அவர் நினைத்தால் நான்கே நாளில் தெரு முழுவதையும் துடைத்துவிடலாம். நோய்க்கு மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, நோயாளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலை அவருக்கு விதிக்கப்பட்டிருந்தது.

இருபத்தாறாம் நாள் தையற்காரி வந்தாள். அவளுடைய தாய் இடுப்பெலும்பு முறிந்து ஓராண்டாகப் படுக்கையில் இருந்தார்.

"அண்ணே, எங்க வீட்டுக் குழிய மட்டும். தண்ணி அறைக்குள்ள வருது. கட்டிலுக்குக் கீழ நாலு கல்லு வச்சிருக்கேன். அம்மா மூக்க மூடிக்கிட்டு அழுவுது. ஒரே ஒரு தடவண்ணே."

"அவரு கோல விட்டுப் பாக்கப் போற அஞ்சு வீட்டுல உன் வீடும் ஒண்ணா இருந்துட்டா என்னம்மா பண்றது?"

"இல்லாமப் போனா?"

"போன தடவ மூணு மார்க்குல போச்சு."

அவள் அவரை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செங்கற்களின்மேல் கால் வைத்துப் போனாள். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் படிவத்தை எழுதியவனின் தாயைக் கொண்டுவந்து அந்தக் கட்டிலில் படுக்க வைக்க வேண்டும் என்று நினைத்தார். நினைத்த மறுகணமே, அந்தத் தாய் என்ன பாவம் செய்தாள் என்று தம்மையே கடிந்துகொண்டார். கோபம்கூட நேராக ஓரிடத்துக்குப் போய்ச் சேர வழியில்லாமல் குழியைப் போல உள்ளேயே தேங்கியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கணவனும் மனைவியும் மூன்று மாடி ஏறிப் பேரனைப் பார்க்கப் போவது வழக்கம். அந்த வாரங்களில் கிளம்புமுன் லாரிக்காரர் இருமுறை குளித்தார். சட்டையை முதலாளியின் கொட்டகையில் வைத்திருந்து, போகும் வழியில் மாற்றிக்கொண்டார். அப்படியும் தூக்கச் சொல்லிப் பேரன் கை நீட்டியபோது, அவர் தம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அப்புறம் தூக்கறேன்டா ராஜா" என்றார். மருமகள் அதைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைக் கவனித்தாள்.

முப்பத்து நான்காம் நாள் அலுவலர் வந்தார். வாகனத்தைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு செங்கல்லின்மேல் நின்றபடியே படிவத்தை நிரப்பினார். இந்த முறை நாற்காலி இல்லை, தேநீர் இல்லை. கோலை அவர் வெளியில் எடுக்கவே இல்லை. வேண்டியிருக்கவில்லை. எழுதி முடித்த பிறகு தலையைத் தூக்கி, எதிரில் நின்றவர்களைப் பார்த்தார்.

"போன தடவ நல்லாத்தானே வச்சிருந்தீங்க. கொஞ்சமாவது சுத்தமா இருக்கக் கூடாதா? எல்லாத்தையும் சபைதான் வந்து செய்யணுமா?"

லாரிக்காரர் பல்லைக் கடித்தார். கையெழுத்து இன்னும் இடப்படவில்லை. வாயைத் திறந்தால் மதிப்பெண் போய்விடும். அவருடைய மனைவிக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை.

"ஐயா, போன தடவ நீங்க வர்றீங்கன்னு கூட்டி வச்சோம். உங்களுக்குத் தேவையே இல்லேன்னு எழுதினீங்க. இந்தத் தடவ தேவைய அப்படியே வாசல்ல வச்சிருக்கோம். சுத்தம் இல்லேங்கறீங்க. எது வேணும்னு நீங்களே சொல்லிட்டுப் போங்க. அதுக்குத் தகுந்தபடி நாங்க வயித்த அடக்கிக்கறோம்."

அலுவலர் அதையும் எழுதிக்கொண்டார் போலும். படிவத்தில் தேவைக்கு நாற்பத்தேழு, பராமரிப்புக்கு நான்கு. ஆகமொத்தம் ஐம்பத்தொன்று. 'குடியிருப்போரிடம் தூய்மை உணர்வு காணப்படவில்லை; முதற்கண் விழிப்புணர்வு வகுப்புகள் நடத்தலாம்' என்று கீழே ஒரு குறிப்பு. சுத்தமாக இருந்தால் தேவையில்லை. தேவை இருந்தால் தகுதியில்லை. இப்படி ஓர் உலகத்தில் எவன் தேறுவான் என்பதுதான் லாரிக்காரருக்கு விளங்கவில்லை. அலுவலர் போனதும் முதல் வேலையாகத் தையற்காரியின் வீட்டுக் குழியை இறைத்தார். மற்ற அறுபத்திரண்டையும் அதன் பிறகு இறைத்தார். எல்லாம் முடிந்த பின் எழுத்தரிடம் போனார்.

"யாராவது தேறினாங்களா தம்பி?"

"ஒரே ஒரு எடம். மேட்டுக்கு மேல புதுசா மனை பிரிச்சிருக்காங்களே, அந்தக் குடியிருப்பு."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. கல்லு நட்டிருக்காங்க. வேலி போட்டிருக்காங்க."

"யாரும் இல்லாத எடத்துக்கு எவ்வளவு?"

எழுத்தர் சிறிது தயங்கினார். "நூறு" என்றார். "கழிவு வசதி ஒண்ணுமே இல்ல, அதனால தேவைக்கு ஐம்பது. அசுத்தம் ஒண்ணுமே இல்ல, அதனால பராமரிப்புக்கு ஐம்பது."

"மனை யாரோடது?"

"துணைத் தலைவரோட மச்சானோடது."

லாரிக்காரர் சிரித்தார். அவருடைய சிரிப்பைக் கேட்டு அடுத்த மேசைக்காரர் எழுந்து சென்றுவிட்டார்.

பத்து நாள் கழித்து, அந்தத் தெருவில் சிவப்புச் சாயம் பூசிய முளைகளை அடித்துக்கொண்டு நில அளவைக்காரர்கள் வந்தார்கள். குழாய் வந்துவிட்டது என்று தெரு துள்ளியது. வந்தது உண்மைதான், ஆனால் அவர்களுக்கு அல்ல. மேட்டுத் தெருக்களின் பழைய குழாய் இன்னொரு குடியிருப்பைத் தாங்காது; புதிய மனைகளிலிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவு தானாக வழிந்து செல்ல வேண்டுமானால், பள்ளமான அந்தத் தெரு வழியாகத்தான் செல்ல முடியும். பெரிய குழாய் அறுபத்து மூன்று வாசல்களின் முன்னாலும் புதைக்கப்படும். ஒரு வீட்டுக்கும் இணைப்புக் கிடையாது.

"இன்னும் பொறக்காதவன் கழிவுக்கு ராஜபாட்டை. பொறந்து தொலைச்சவன் கழிவுக்குக் குழி" என்றார் சலூன்காரர். "கல்யாண ஊர்வலம் போற மாதிரி அது நம்ம வாசல் வழியாப் போகும். நாம கும்பிட்டுக்கிட்டு நிக்கலாம்."

அவருடைய கடையில் முகம் வழித்துக்கொண்டிருந்த சுமைதூக்கி பாதி நுரையோடு எழுந்தான். "அண்ணே, உங்க லாரில ஒரு லோடு போதும். நகரசபை வாசல்ல கொண்டு போய்த் திறந்து விட்ருவோம். அப்பப் புரியும் அவனுங்களுக்கு."

பலருக்கும் அந்த யோசனை இனித்தது. லாரிக்காரருக்கும் ஒரு கணம் இனிக்கத்தான் செய்தது.

"விடலாம்டா" என்றார். "அத மறுநாள் வாரிக் கழுவப்போறது யாரு? தலைவரா? அங்க கூட்டறது உன் சித்தப்பா. மாடியக் கழுவறது எதிர்வீட்டு அக்கா. நம்ம கோவத்த நம்ம ஆளு தலையிலயே கொட்டச் சொல்றியா?"

சுமைதூக்கி மீண்டும் நாற்காலியில் உட்கார்ந்தான்.

அந்த வாரக் கடைசியில் எழுத்தர் தாமே ஒரு கட்டுத் தாள்களோடு தெருவுக்கு வந்தார். அறுபத்து மூன்று ஒப்புதல் படிவங்கள். குழாய் பதிப்பதற்காகத் தெருவைத் தோண்டுவதில் தமக்கு மறுப்பு ஏதும் இல்லை என்று வீட்டுக்கு ஒருவர் கையெழுத்திட வேண்டும்.

"எங்கள எதுக்குக் கேக்கறீங்க?" என்றார் லாரிக்காரர். "ரோட்டத் தோண்ட யாரும் வீட்டுக்காரனக் கேட்டதா நான் பாத்ததே இல்லையே."

"மத்த எடத்துல கேக்க வேணாம். இது நகரசபைத் தெரு இல்லண்ணே. உங்க சொந்தப் பாதை. பத்திரத்துல உங்க அறுபத்து மூணு பேருக்கும் பொது."

லாரிக்காரர் தாள்களை வாங்கி மடிமேல் வைத்துக்கொண்டார். முப்பது ஆண்டுகளாக விளக்கு கேட்டுப் போனபோதும், தார் கேட்டுப் போனபோதும், குப்பைத் தொட்டி கேட்டுப் போனபோதும் அந்த ஒரே பதிலைத்தான் நகரசபை அவர்கள் முகத்தில் எறிந்து அனுப்பியிருந்தது. அது எங்கள் தெரு இல்லை, உங்கள் சொந்தப் பாதை. வசையாகவே கேட்டுப் பழகிய வாக்கியம் அன்று முதன்முறையாக உரிமையாகக் கேட்டது.

"நான் வாங்கித் தர்றேன் தம்பி" என்றார். வீடுவீடாகப் போய், ஒவ்வொரு படிவத்தையும் கொடுத்து, படிக்கச் சொல்லி, கையெழுத்து இடாமல் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இரு சபைகளின் கூட்டுக் கூட்டம் ஒரு புதன்கிழமை முற்பகலில் நடந்தது. உறுப்பினர்கள் பதினான்கு பேர். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர்ப் புட்டி. நகரசபைத் தலைவரும் துணைத் தலைவரும் நடுவில் அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அருகில் வட்டார சபையின் தலைவி. ஊரில் மருந்துக்கடை நடத்துபவர். பொதுமக்களுக்கு, கடைசியில் ஒரு கயிற்றுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றில் தெரு முழுவதும் வந்து உட்கார்ந்திருந்தது. இடம் போதாமல் பலர் நின்றார்கள்.

லாரிக்காரர் அழைக்கப்பட்டபோது தாள்கட்டைக் கொண்டுபோய் மேசையின்மேல் வைத்தார்.

"மூணு நிமிஷம்" என்று நினைவூட்டினார் தலைவர். தாள்களைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது. "இதுதான் ஒத்துழைப்பு. இப்படித்தான் இருக்கணும்." முதல் தாளைப் புரட்டினார். இரண்டாவதைப் புரட்டினார். "கையெழுத்து எங்க?"

"போடலைங்க. தோண்ட விட மாட்டோம்."

லாரிக்காரர் தொடர்ந்தார். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தினால் நடுங்கிவிடும் என்று அஞ்சினார்.

"சுத்தமா இருந்தோம், தேவையில்லேன்னீங்க. நாறிக்கிட்டு இருந்தோம், தகுதியில்லேன்னீங்க. ஒரு அம்மா நாள் கணக்கா மலத் தண்ணிக்கு மேல கட்டில்ல கெடந்துச்சு. உங்க படிவத்துக்காக. அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு உண்டு. மேல ஒரு ஈ காக்கா இல்ல, அதுக்கு நூத்துக்கு நூறு. அந்த நூறு எங்க வாசல் வழியாத்தான் போகணுமாம். போகட்டும். எங்க வீட்டு இணைப்பையும் சேத்துக் கூட்டிட்டுப் போகட்டும். எங்க குழிங்கள மூடணும். எங்ககிட்ட ஒரு காசு பங்கு கேக்கக் கூடாது. அத இன்னிக்கே, ரெண்டு சபையும் ஓட்டுப் போட்டு எழுதிக் குடுங்க."

துணைத் தலைவர் முன்னால் சாய்ந்தார். "இது மிரட்டல்."

"இல்லைங்க, பராமரிப்பு. எங்க பாதைய நாங்க பராமரிக்கறோம். இதுக்கு எத்தன மார்க் போடுவீங்க?"

பின்வரிசை சிரித்தது. தலைவர் மேசையைத் தட்டினார். பொறியாளரைப் பார்த்து, வேறு வழியாகக் கொண்டுபோக இயலாதா என்று கேட்டார். பாறையைக் குடைந்து சுற்றிக்கொண்டு போக வேண்டும், செலவு மும்மடங்கு ஆகும் என்றார் பொறியாளர்.

"அட, இதுல என்ன இருக்கு?" என்றார் துணைத் தலைவர். அவருடைய முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. "இப்பவே ஒரு தீர்மானம் போடுவோம். அந்தத் தெருவ நகரசபை ஏத்துக்கிச்சுன்னு. அப்புறம் யார் கையெழுத்தும் வேணாம். முப்பது வருஷமா அதத்தானே கேட்டுக்கிட்டு இருந்தாங்க?"

இதை லாரிக்காரர் எதிர்பார்த்திருக்கவில்லை. கயிற்றுக்குப் பின்னால் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாம் மாடியும், கை நீட்டும் பேரனும், கூப்பிடாதீர்கள் என்ற குரலும் ஒன்றாக நினைவில் எழுந்தன. தோற்றுவிட்டோம் என்று நினைத்தார்.

அப்போது, மேசையின் ஓரத்தில் நடவடிக்கைக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்த எழுத்தர், தலையைத் தூக்காமல், கடைக்கணக்கு வாசிப்பவரின் குரலில் பேசினார்.

"விதி நாப்பத்தொண்ணு. சபை ஏத்துக்கிட்ட தெருவுல கழிவுக் குழாய் பதிச்சா, தெருவுல இருக்கற ஒவ்வொரு வீட்டுக்கும் சபை செலவுல இணைப்புக் குடுத்தாகணும். விளக்கும் தாரும் ஒரு வருஷத்துக்குள்ள போடணும்." ஒரு கணம் நிறுத்தினார். "அதனாலதான் இதுவரைக்கும் ஏத்துக்கலங்க. பழைய குறிப்புல இருக்கு."

துணைத் தலைவர் தம் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகித் திறந்தார், குடிக்கவில்லை.

வட்டார சபைத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "நான் கடையில வயித்துப்போக்கு மருந்து அதிகமா விக்கறது அந்தத் தெருவுக்குத்தான்" என்றார். "அதுல எனக்கு லாபம். இத்தன வருஷம் அத ஒரு கேள்வியா நான் கேட்டதில்ல, வெக்கமாத்தான் இருக்கு. ஏத்துக்கிட்டாலும் இணைப்புக் குடுக்கணும், ஏத்துக்கலேன்னாலும் குடுக்கணும். சுத்திப் போனா மூணு மடங்கு. பாதி எங்க சபை தரும். மீதி உங்களுது. வீட்டுப் பங்கு கிடையாது. ஓட்டுக்கு விடுங்க."

எட்டுக் கைகள் உயர்ந்தன. ஐந்து கைகள் எதிர்த்தன. துணைத் தலைவர் அந்த நேரத்தில் கைப்பேசியில் பேச வெளியில் போயிருந்தார். நியாயம் வென்றது என்று லாரிக்காரர் கருதவில்லை. பாறை கெட்டியாக இருந்தது, அவ்வளவுதான். பாறை மட்டும் இளகியதாக இருந்திருந்தால் அந்த எட்டுக் கைகளில் எத்தனை உயர்ந்திருக்கும் என்று மாடிப்படி இறங்கும்போது எண்ணிப் பார்த்தார்; கோபம் குறைவதற்குப் பதிலாகக் கூடியது.

அன்று பிற்பகலே அவரும் மனைவியும் மகன் வீட்டுக்குப் போனார்கள். மனைவிக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார். மருமகள் தீர்மானத்தின் நகலை வாங்கி, ஒரு வரி விடாமல் படித்தாள்.

"வேலை முடியப் பதினாலு மாசமா, மாமா?"

"அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"அதுக்குள்ள இவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சிடுவான்."

"போகட்டும்மா. எழுதினபடி முடிச்சாங்கன்னாத்தான் அதுவும். இதுல எழுத்து இருக்கு, குழாய் இல்ல."

அவள் தாளை மடித்து அவரிடமே கொடுத்தாள். கணவனைப் பார்த்தாள், அவன் தலையசைத்தான். "அதுவரைக்கும் நீங்களும் அத்தையும் இங்கயே வந்துடுங்களேன். ரெண்டு ரூம்தான், நெருக்கமா இருக்கும். இருந்துக்கலாம்."

லாரிக்காரரின் மனைவி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆசை இருந்தது. அதை அவரால் காணாதது போல இருக்க முடியவில்லை.

"அவ இருக்கட்டும்மா" என்றார். "நான் போகணும். தோண்டறவன் திங்கக்கிழமை வர்றான். நான் அங்க நிக்கலேன்னா மேட்டுக்கு மட்டும் பதிச்சுட்டு, தெருவ மூடிட்டுப் போயிடுவான். ஒரு வீட்டுக்கு இணைப்புக் குடுத்தா ஒரு கையெழுத்துன்னு பேச்சு. என் வீடு கடைசி."

"தனியா இருந்து என்னத்தத் தின்னுவீங்க?" என்றார் மனைவி.

"வயிறு நெறையக் கோவம் இருக்கு. பதினாலு மாசத்துக்கு வரும்."

மனைவி பேரனின் கன்னத்தைத் தடவி, உச்சியில் முத்தமிட்டு, மருமகளிடம் கொடுத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அதுல எனக்கும் பாதி இருக்கு, நடங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, அவருக்கு முன்னால் படியிறங்கத் தொடங்கினார்.